தேவை என்ற கட்டத்தில் ஒரு சொல்

1

நவம்பர் முதல் தேதி வந்தால் மைசூரில் ஆட்டோக்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி கட்டிக்கொள்ளும். மாநிலம் பிறந்த நாள். எனக்கு அது நான் புலம்பெயர்ந்த நாள்.

கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். என் பயணம் அவ்வளவு நீளமில்லை. பெட்டி கட்டவில்லை, ரயில் ஏறவில்லை, யாரும் கையசைக்கவில்லை. பவானியில் பள்ளியிறுதி முடித்து, கொள்ளேகால் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். அது அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. மாநிலங்களைப் பிரித்தார்கள். மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. மைக்கூடு கூட நகரவில்லை.

அதன்பின் இலாகா கன்னடத் தேர்வு எழுதச் சொன்னது. இரண்டாவது முறையில் தேறினேன். மைசூருக்கு மாற்றினார்கள், வேலைவாய்ப்பு இலாகாவுக்கு அனுப்பினார்கள், கடைசியில் அதிகாரியாகவே ஓய்வு பெற்றேன். வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித் தரும் இலாகா. அதில் நிச்சயமாக வேலை கிடைத்தவர்கள் அங்கே வேலை பார்த்த நாங்கள்தான்.

இந்த மொழியில் எனக்கு முதலில் தடுக்கிய சொல் ‘அவகாச’. இங்கே அதற்கு வாய்ப்பு என்று பொருள். எங்கள் அலுவலகச் சுவரில் உத்யோக அவகாச என்று பெரிதாக எழுதியிருக்கும். ‘வேலைக்குத் தவணை கொடுக்கிறார்கள்’ என்று முதல் வாரம் நான் பவானிக்குக் கடிதம் எழுதினேன். அப்படியொன்றும் தப்பாக எழுதிவிடவில்லை என்று பின்னால் தெரிந்தது.

2

ஒருங்கிணைப்பு என்ற சொல்லை என் வாழ்நாளில் ஆயிரம் முறையாவது எழுதியிருப்பேன். அரசாங்கம் கொடுக்கும் தொழிற்பயிற்சியையும் தொழிற்சாலைகளின் தேவையையும் ஒருங்கிணைப்பது. எந்த வேலைக்கு ஆள் வேண்டுமோ அந்த வேலையைச் சொல்லிக்கொடு என்பதுதான் விஷயம். இதற்கு ஒரு குழு இருந்தது, ஒரு படிவம் இருந்தது, ஒரு கடைசித் தேதியும் இருந்தது.

படிவத்தை எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புவோம். பதில் வராது. நினைவூட்டல் அனுப்புவோம். இரண்டாம் நினைவூட்டலும் போகும். பிறகு குழு கூடும். போண்டா வரும், காபி வரும். நான் அறிக்கையை வாசிப்பேன். பதில் வராத இடங்களிலெல்லாம் ‘சென்ற ஆண்டைப் போலவே’ என்று எழுதியிருப்பேன். சென்ற ஆண்டு அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கும். முதன்முதலில் அந்த எண்ணிக்கையை எழுதியவர் யார் என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். அவர் காலமாகியிருந்தார்.

ஒரு வருடம், பெண்கள் பயிற்சி நிலையத்தில் சுருக்கெழுத்துப் பிரிவு ஒன்று தொடங்கலாமா என்று மேலிடம் கேட்டது. படிவம் போயிற்று. அதிசயமாக ஒரே ஒரு தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. ‘சுருக்கெழுத்தாளர் – இருபது பேர்’ என்று நாங்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்த வரிக்கு எதிரே, தேவை என்ற கட்டத்தில், கன்னடத்தில் அவசரமாக எழுதிய ஒரு சொல், பக்கத்தில் ஒரு புள்ளி.

தேவைக்குக் கன்னடத்தில் பேடிகே. கட்டத்தில் இருந்தது ‘பேடி’ என்று படித்தேன். புள்ளி இருக்கிறதே, பேடிகேயைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ‘தொழில்துறையினரிடமிருந்து தேவை உறுதியாகியுள்ளது’ என்று குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன். பிரிவு தொடங்கியது. ஆண்டுக்கு இருபது பெண்கள். அடுத்த ஆண்டுகளில் சென்ற ஆண்டைப் போலவே.

3

முதல் ஆண்டு சேர்ந்த இருபது பேரில் ஒருத்தி என் மகள் சுகந்தி.

அவள் கேட்டது எலெக்ட்ரானிக்ஸ். வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுப் பாடவைத்தவள். நான்தான் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினேன்.

“எலெக்ட்ரானிக்ஸுக்குத் தேவைங்கிற கட்டத்துல ஒண்ணுமே இல்லை, பாரு. சுருக்கெழுத்துக்கு இருபது.”

“இதை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்பா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், பிடுங்க” என்று சிரித்துவிட்டுச் சேர்ந்தாள். பிடுங்க என்றால் எதையும் பறிக்கச் சொல்வதாக நினைக்கவேண்டாம். விடு என்பதற்குக் கன்னடத்தில் ‘பிடு’; அதோடு தமிழ் மரியாதை சேர்த்தால் அப்படி வரும். இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ் அது.

ஊரில் இருக்கும் அதிகாரிகள் தாங்கள் எழுதும் அறிக்கையை நம்புவதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் நம்பினேன்.

நிமிடத்துக்கு நூறு சொல் எழுதுவாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். அட்டையை ஒருமுறைகூடத் தவறாமல் புதுப்பித்தாள். புதுப்பிக்கவேண்டிய தேதியை நான் நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பேன். பத்து ஆண்டுகளில் நான்கு நேர்முகக் கடிதங்கள் வந்தன. முதலாவது இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது, ரத்து. மூன்றாவது இடத்தில், “கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?” என்றார்கள். நான்காவது இடத்துக்குப் போகும்போது கம்ப்யூட்டர் கற்றிருந்தாள். “அது தெரிஞ்சவங்களுக்குத் தனி லிஸ்ட், நீங்க ஸ்டெனோ லிஸ்ட்டுல இருக்கீங்க” என்றார்கள். இரண்டு பட்டியல்களையும் ஒருங்கிணைக்க வழியில்லை. எனக்கு அந்த விதி தெரியும். அதை அமல்படுத்தியவனே நான்தான்.

மண்டி மொஹல்லாவில், ஸ்கூட்டர்கள் ஒன்றையொன்று உரசிப் போகும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வந்த ஒன்றிரண்டு வரன்கள் பெண்ணுக்கு நிலையான வேலை இல்லை என்று நின்றுபோயின. அவள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். இந்த ஏப்ரலில் சுகந்திக்கு அரசு வேலைக்கான வயது வரம்பு முடிவதாக இருந்தது.

4

போன நவம்பர் இரண்டாம் தேதி நாகரத்னா வீட்டுக்கு வந்தாள். என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் அதிகாரி. என்னிடம் வேலை பழகியவள். கொள்ளேகால்காரி, வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ் என்று வளர்ந்தவள். பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“சார், இந்தக் குறிப்பு உங்க கையெழுத்துதானுங்களே?”

“குறிப்பு என்னுது. கட்டத்துல இருக்கிறது கம்பெனிக்காரன் எழுதினது.”

“அது என்னன்னு படிச்சீங்க?”

“பேடி. பேடிகேயோட சுருக்கம்.”

அவள் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“கன்னடத்துக்காரங்க யாரும் அப்படிச் சுருக்க மாட்டாங்க, சார். பேடின்னா கைவிலங்கு. போலீஸ்காரன்தான் அதை எழுதுவான்.” விரலை எழுத்தின் தலைமேல் வைத்தாள். “இது ‘பேட’. வேண்டாம்னு எழுதியிருக்கான். முடிச்சுட்டுப் புள்ளி வச்சிருக்கான். பேனா தலையில கொஞ்சம் சுழிச்சிருச்சு, அஷ்டே, அவ்வளவுதான்.”

கன்னடத்தில் ‘ட’வுக்கும் ‘டி’க்கும் வித்தியாசம் தலையில் ஒரு சுழிதான். அந்த எழுத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேட. வேண்டாம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இருபது ஸ்டெனோக்கள் வேண்டாம்.

“இதை இப்ப எதுக்குத் தூக்கிட்டு வந்த?”

“மேலிடத்துல இருந்து ரிவ்யூ, சார். தேவை இல்லாத பிரிவையெல்லாம் மூடச் சொல்றாங்க. ஒவ்வொண்ணும் எந்தத் தேவையில ஆரம்பிச்சதுன்னு ஆதாரம் காட்டணும். சுருக்கெழுத்துக்கு இருக்கிற ஆதாரம் இந்த ஒரு காகிதம்தான்.”

“அப்ப மூடிட வேண்டியதுதானே.”

அவள் காபியை ஆற்றுவதுபோல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அங்க டீச்சரம்மா ரிடையர் ஆயிட்டாங்க, சார். அந்த இடம் காலி. பிரிவு தொடர்ந்தா ஜனவரியில நிரப்பணும். நம்ம ஆபீஸ் லிஸ்ட்டுல முதல் பேரு யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். பத்து ஆண்டுகளாக அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இருந்த ஒரே வேலை, சுருக்கெழுத்துச் சொல்லிக்கொடுப்பது.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க” என்று எழுந்தாள். “அந்தச் சொல்லை எப்படிப் படிச்சீங்கன்னு நீங்க ஒரு லெட்டர் கொடுக்கணும். குறிப்பு எழுதின அதிகாரி விளக்கம் தரணும்னு விதி இருக்கே, நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க.”

5

சுகந்தி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே இரண்டு காபி டம்ளர்களைப் பார்த்துவிட்டாள்.

“யாருப்பா வந்தது?”

“நாகரத்னா.”

“ஏனாயித்து?”

“ஒண்ணும் ஆகலை. பயிற்சி நிலையத்துல டீச்சர் போஸ்ட் நிரப்பினாலும் நிரப்புவாங்களாம்.”

ஒரு செருப்போடு நின்றாள். “நிஜவாகலூ? நிஜமாவா?”

“இன்னும் முடிவாகலை.”

“எப்ப முடிவாகும்? ஏப்ரல் தாண்டிட்டா நான் ஓவர் ஏஜ். அப்புறம் அந்த அட்டையை ஃப்ரேம் போட்டு அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்குங்க. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்தி போதும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எங்கள் வீதியில் யாரும் தண்ணீரை அப்படி ஓடவிடுவதில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை ஓய்வுபெற்ற அதிகாரிக்கே உரிய முறையில் பத்தி பிரித்து யோசித்தேன். பிரிவை மூடுவார்கள். ஆண்டுக்கு இருபது பெண்கள் தப்பிப்பார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த ஒருத்தி தப்பமாட்டாள். இவளை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளில் ‘பொதுநலன் கருதி’ என்று எழுதியவன் நான். அதை எழுதும்போது குளியலறையில் யாரும் குழாயைத் திறந்துவைத்திருக்கவில்லை.

நான்கு நாட்கள் கழித்துக் கடிதம் எழுதினேன். இரண்டே வாக்கியங்கள். ‘மேற்படி பதிவைத் தேவை என்பதன் சுருக்கமாகவே அன்று படித்தேன். அதற்கு மாறாகக் கருதுவதற்கான ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை.’ முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதும், ஆவணம் அலுவலகத்தில்தானே இருக்கிறது என்று பார்த்தால், உண்மை. பொய் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. எந்தத் தணிக்கையும் அங்கே தேடாது.

கையெழுத்திட்ட பிறகு, ஏனோ, அந்தச் சொல்லைத் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பேடி. கன்னடத்தில் விலங்கு. நம் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று பவானிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது மட்டும் யாரும் தவறாகப் படிக்காத சொல்.

6

பிரிவு தொடர்ந்தது. பிப்ரவரியில் சுகந்தி வேலையில் சேர்ந்தாள். பணி நியமன ஆணையை வீதியில் எல்லோருக்கும் காட்டினாள். ஆணையின் ஐந்தாவது பத்தியை நான் மட்டும் படித்தேன்: தற்காலிகம், ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும், ஒரு வகுப்புக்குப் பதினாறு மாணவிகளுக்குக் குறைந்தால் நீட்டிப்பு இல்லை.

காலையில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எட்டேகால் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். மாலையில் மேஜையில் உட்கார்ந்து, கோடும் புள்ளியும் வளைவுமாக மறுநாள் பாடத்தைத் தயார் செய்கிறாள். சாப்பாட்டின்போது மாணவிகளைப் பற்றிப் பேசுகிறாள். நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வரும் ஒருத்தி, சாமராஜநகர் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் ஒருத்தி, மாதாந்திரத் தேர்வில் எல்லாவற்றிலும் முதலாக வரும் ஒருத்தி. “அவ நூத்தி இருபது ஸ்பீடு போவாப்பா. எங்க வேணா வேலை கிடைக்கும்” என்கிறாள். நான் ரசத்தை ஊற்றிக்கொள்கிறேன்.

இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதுவதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இலாகாவில் இப்போது தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. நாகரத்னாவுக்குப் பேசத்தான் தெரியும். சுகந்திக்கும் அப்படியே. சின்ன வயதில் சொல்லிக்கொடுக்க உட்காருவேன். அடுத்த நாள் அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும் என்று எழுந்துவிடுவேன். தமிழ் வார இதழ் மேஜையில் கிடந்தால் படங்களை மட்டும் பார்த்துப் புரட்டுவாள். என் பெண் தன் மொழியைப் படிக்கமாட்டாள் என்று வருஷக்கணக்காக வருந்தியிருக்கிறேன். இப்போது அந்தக் குறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஆசிரியர் என் பெயரைப் போடாமலிருந்தால் போதும்.

7

இந்த ஜூலையில் புதிய சேர்க்கை. கடைசி நாள் வரையில் சுருக்கெழுத்துக்குப் பதினைந்து பேர்தான் வந்திருந்தார்கள்.

சுகந்தி இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினாள். கடைசி நாள் அரைநாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே இரண்டு பேர். எங்கள் வீதியில் மாடி கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனார் மாரியப்பனும் அவருடைய மகள் தேவகியும். மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், கொளத்தூர்க்காரர்கள். பெண் இங்கேயே கன்னடப் பள்ளியில் பத்தாவது தேறியிருக்கிறாள்.

மாரியப்பன் கையில் சிமெண்ட் காயாமல் இருந்தது. உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகும் என்று நின்றுகொண்டே பேசினார்.

“மேடம் வந்து சொல்லிச்சுங்க. இருந்தாலும் சாரு வேலை போட்டுக் குடுக்கிற ஆபீசுல பெரிய ஆளா இருந்தவருன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதிங்க. இந்தச் சுருக்கெழுத்துன்னா என்னங்க?”

“ஒருத்தர் பேசப் பேச அப்படியே வேகமா எழுதறது” என்றேன்.

“பேசறதை எழுதறதுக்கு ஒரு வேலையா!” என்று ஆச்சரியப்பட்டார். “நாங்க நாளெல்லாம் மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்குறோம். அதை யாராச்சும் எழுதினா ஒரு ஆபீசு பத்தாதுங்க.”

தேவகி சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை மார்போடு பிடித்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். பெயரும் மதிப்பெண்ணும் பேனாவில் இருந்தன. கணக்கில் தொண்ணூற்றிரண்டு. பயிற்சிப் பிரிவுக்கான மூன்று விருப்பக் கட்டங்களில், முதலாவதில் மட்டும் பென்சிலால் எலெக்ட்ரானிக்ஸ் என்று எழுதியிருந்தாள். நல்ல எழுத்து.

“நினகே ஏன் பேக்கம்மா?” என்று கேட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று.

அவள் பதில் சொல்வதற்குள் மாரியப்பன் குறுக்கிட்டார். “அதுக்கு என்னங்க தெரியும்? ஒயரு, பல்புன்னு ஏதோ சொல்லுது. வேலை கெடைக்கிறதா இருந்தாச் சரிங்க. அதுக்குக் கீழ ரெண்டு இருக்குதுங்க. இதுக்குன்னு நான் ஒரு தரந்தான் செலவு பண்ண முடியும்.”

தேவகி சுகந்தியைப் பார்த்துக் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள்: படிப்பு முடித்து எத்தனை நாளில் மேடத்துக்கு வேலை கிடைத்தது?

சுகந்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். மாடியில் யாரோ பலகையை இழுத்துப் போட்டார்கள்.

“அப்பாவைக் கேளும்மா” என்றாள். “தேவை எவ்வளவுன்னு கணக்கு எடுத்தவரே அவர்தான்.”

நம்பித்தான் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது. பத்து ஆண்டுகளில் அந்த ஒன்றை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. அட்டை, பட்டியல், கம்ப்யூட்டர், அதிர்ஷ்டம் எல்லாவற்றையும் திட்டியிருக்கிறாள்.

மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பயிற்சி நிலையத்தில் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை மூடுவார்கள். இந்தப் பெண் சேர்ந்தால் பதினாறு.

“சேத்து விடுங்க மாரியப்பன்” என்றேன். “அரசாங்கமே தேவை இருக்குன்னு எழுத்துல உறுதி செஞ்ச பிரிவு.”

“அது போதுங்க!” என்றார். “எனக்குக் கன்னடம் எழுத வராதுங்க. உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்க.”

விண்ணப்பத்தில் ஏன் மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. மூன்றிலும் வெவ்வேறு பிரிவுகளை எழுதினால், மதிப்பெண் இருக்கும் பெண்ணை முதல் விருப்பத்துக்குக் கூப்பிடுவார்கள். தொண்ணூற்றிரண்டுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். மூன்றிலும் ஒரே பிரிவை எழுதினால் வேறு எதற்கும் கூப்பிட முடியாது. பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியாது. கையேட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம், சிறிய எழுத்தில் இருக்கிறது.

ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தேன். பேனாவைத் திறந்து முதல் கட்டத்தில் சுருக்கெழுத்து என்று எழுதினேன். இரண்டாவதில் எழுதினேன். மூன்றாவதில் எழுதினேன். மை காயும்வரை காத்திருந்து அவளிடம் நீட்டினேன்.

கன்னடத்தில் நான் எழுதியதை அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். சுகந்தி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகி படித்தாள். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஐயாவைக் கும்பிட்டுக்க, புள்ள” என்றார் மாரியப்பன்.

கும்பிட்டாள்.